அப்பாவுக்கு 65 ரூபாய் நஷ்டம்

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊரடங்கு உத்தரவு வரும். கலெக்டர் போடுவதில்லை. அப்பா போடுவது.

ஈ.பி.யிலிருந்து ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கையில் டார்ச் லைட்டுடன் மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றுவிடுவார். மூலஸ்தானத்தின் முன் நிற்பது மாதிரி ஒரு பயபக்தி. "நானூத்தி அறுபத்தி மூணு!" என்று அங்கிருந்து அசரீரி வரும். அவ்வளவுதான். அம்மாவின் கிரைண்டர் நிற்கும். என் மனைவியின் அயர்ன் பாக்ஸ் பீரோவுக்குள் போகும். ஃபிரிட்ஜைத் திறப்பவர்கள் எதற்குத் திறக்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருப்பார். இல்லையென்றால் நீங்களே அந்த அப்பாவாக இருப்பீர்கள். எல்லாம் 500 என்கிற ஒரு எண் படுத்தும் பாடு.

பி.காம். படித்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 10-ம் தேதி வந்த கட்டணம் இது. (2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்போதும் படிக்கட்டு அதே படிக்கட்டுதான்.) இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு, யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201-லிருந்து 400 வரை நாலரை ரூபாய். அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டினால் நிம்மதி. 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய்தானே என்று நினைத்தீர்களானால் நீங்கள் இன்னும் கல்யாணமாகாதவர். 501-ஐத் தொட்ட அந்த நிமிஷமே, இரண்டாவது நூறுக்குக் கொடுத்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகையைப் பிடுங்கிக்கொண்டு அதற்கும் நாலரை போடுவார்கள். மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இதுவாவது தேவலை. அதற்கு முந்தைய கட்டணத்தில் 500-க்கு 1,130 ரூபாய். 501-க்கு 1,786 ரூபாய் சொச்சம். ஒரு யூனிட் 656 ரூபாய். அந்தக் காலத்தில் அப்பா ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி.

அப்பா ரிடயர்டு சரித்திர வாத்தியார். தென்காசியில் பாதிப் பேருக்கு அவர் 'சார்'. மீதிப் பேர் அவரிடம் அடி வாங்காதவர்கள். எங்கள் வீடு பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் ஒரு சமையலறை, ஒரு ரூம், தனி வாசல். அதில் ஒரு அக்கா குடியிருக்கிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அக்கா பீடி சுற்றுகிறார். இது ஒன்றும் அபூர்வமான சங்கதி அல்ல. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இலை வாங்கி, நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது வரைக்கும் பொம்பளைகள் வேலை. சுருள் சுருளாகப் புகை விடுவது மட்டும்தான் ஆம்பளைகள் வேலை.

அக்காவுக்கு எங்கள் மீட்டரிலிருந்துதான் கரண்ட். நடுவில் ஒரு சப் மீட்டர். அது காட்டுகிற யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் அக்கா கொடுத்துவிட வேண்டும். இது அப்பா கண்டுபிடித்த ரேட் அல்ல. தமிழ்நாட்டில் சென்னை முதல் செங்கோட்டை வரை வாடகைக்குக் குடியிருக்கிற யாரையும் கேளுங்கள். எட்டு என்பார், ஒன்பது என்பார், பத்து என்பார். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கரண்ட் வியாபாரம் பண்ணக் கூடாது. அந்தச் சட்டத்தை வீட்டு ஓனர்களிடம் சொல்லிப் பார்க்கலாம், வேறு வீடு பார்த்து வைத்துவிட்டு!

இத்தனை வருஷமாக நானும் அதைப் பற்றி ஒன்றும் யோசித்ததில்லை. ஊர் நியாயங்களையெல்லாம் வாராவாரம் எழுதுகிறவனுக்கு, சொந்த வீட்டுக் கொல்லைப்புறம் கண்ணில் படாது.

பட்டது, 2023 ஏப்ரலில்.

வெயில் மண்டையைப் பிளந்த மாதம். குற்றாலத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிப் புலம்பினால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. "உங்களுக்கென்ன சார், அருவி இருக்கு" என்கிறார்கள். ஏப்ரலில் மெயின் ஃபால்ஸில் போய் நின்று பாருங்கள், பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். வீட்டில் ஃபேன் ராப்பகலாக ஓடியது. அப்பா ஊரடங்கு போட்டுவிட்டார். மீட்டர் 490-ஐத் தாண்டிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி எட்டு, எட்டரை இருக்கும். எங்கள் திண்ணை லைட்டில் அக்கா மகள் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். சமூக அறிவியல் பாக்கி. உள்ளே அவள் அம்மா பீடி சுற்றும்போது ஃபேன் போட முடியாது. தூள் பறந்துவிடும். அதனால் பிள்ளை காற்றுக்குத் திண்ணைக்கு வந்துவிடும். சந்தேகம் கேட்டால் அப்பாவே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். வேலூர்ப் புரட்சி, பாளையக்காரர்கள் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். பூலித்தேவன் எங்கள் மாவட்டத்து நெற்கட்டும்செவல்காரர் வேறு. கேட்கவா வேண்டும்!

மீட்டரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "நானூத்தித் தொண்ணூத்தி எட்டு!" என்று சொல்லிக்கொண்டே, வந்த வேகத்தில், திண்ணை ஸ்விட்சைப் படக்கென்று அணைத்துவிட்டார்.

இருட்டில் புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது. "சரி சார்" என்று ஒரு குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை. எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அந்த திண்ணை பல்பு ஒன்பது வாட் எல்.ஈ.டி. அது ஒரு யூனிட் தின்ன நூற்றுப் பதினோரு மணி நேரம் எரிய வேண்டும். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொன்னேன். மறுநாள் சொல்லி என்ன!

எப்படியும் 500-ஐத் தாண்டியது. ரீடிங் எடுத்தபோது 512. பில் 2,046 ரூபாய். சப் மீட்டரில் அக்கா பங்கு 92 யூனிட். எட்டு ரூபாய் வீதம் 736 ரூபாய். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். நான்தான் வாங்கினேன். கை கூசியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அக்காவுக்குத் தனி மீட்டர் இருந்தால் 92 யூனிட்டுக்கு எவ்வளவு? பூஜ்யம். சுத்த பூஜ்யம். அரசாங்கம் கொடுக்கிற நூறு யூனிட்டுக்குள்ளேயே அவர் குடித்தனம் முடிந்துவிடுகிறது. அந்த நூறு யூனிட் யாருக்காக என்று கேட்டால் முதல் வரிசையில் நிற்க வேண்டிய ஆள். அவர் கட்டுகிறார் 736. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கிடைக்கிறது இலவசம்.

கொதித்துப்போய் அப்பாவிடம் போனேன். "யப்பா, இது அநியாயம். அந்த அக்காகிட்ட நாம கொள்ளை அடிக்கோம்."

"உக்காருலே" என்றார். "அவ இல்லாம நம்ம யூனிட்டு எவ்வளவு?"

"நானூத்தி இருபது."

"அதுக்கு எவ்வளவு வரும்? பி.காமு! போட்டுச் சொல்லு."

போட்டேன். இரண்டாவது நூறுக்கு 225, அடுத்த இருநூறுக்கு 900, கடைசி இருபதுக்கு 120. மொத்தம் 1,245.

"இப்ப கட்டினது?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தாறு."

"வித்தியாசம்?"

"எண்ணூத்தி ஒண்ணு."

"அவ குடுத்தது?"

"எழுநூத்தி முப்பத்தாறு."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சரித்திர வாத்தியார் கணக்கு வாத்தியாரை ஜெயித்த சந்தோஷம் முகத்தில். "எனக்கு அறுபத்தஞ்சு ரூவா நஷ்டம்லே!"

வாயடைத்துப் போனேன். கொள்ளை அடித்தவர் கையில் 65 ரூபாய் குறைகிறது. கொடுத்தவருக்கு 736 ரூபாய் போயிற்று. அப்படியானால் பணம் எங்கே? நடுவில் இருக்கிற அந்த மீட்டர் விழுங்கிவிட்டது. இரண்டு குடித்தனம், இரண்டு அடுப்பு. ஆனால் கரண்ட்டுக்காரன் கண்ணுக்கு ஒரே வீடு. இரண்டு மீட்டர் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து 1,245 கட்டினால் போதும். ஒரே மீட்டர் என்பதால் 2,046.

இந்த இடத்தில் அப்பாவின் பாடத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் திண்ணையில் சொல்கிற வரிசை இது. பாபநாசத்தில் நீர் மின் நிலையம் வந்தது 1944. மின்சார வாரியம் உண்டானது 1957. (பிறகு அது பிரிந்து, பெயர் மாறி, இன்னும் பிரிந்து, என்னென்னவோ ஆகிவிட்டது. எங்கள் ஊருக்கு அது என்றைக்கும் 'ஈ.பி.'தான்.) குடிசைகளுக்கு இலவசமாக ஒரு விளக்கு என்ற திட்டம், எம்.ஜி.ஆர். காலத்தில், 1979. ஒரு குடிசைக்கு ஒரு பல்பு. மீட்டர் கிடையாது, பில் கிடையாது. அக்காவின் அம்மா வீட்டில் அந்த பல்புதான் இருந்ததாம். "ஒத்த பல்புல நாலு பிள்ளைய படிச்சோம் தம்பி, நான்தான் படிக்கல" என்று அக்கா சிரிப்பார். 2006-க்கு மேல் கலைஞர் ஆட்சியில் இலவச கலர் டி.வி. வந்தது. 2011-ல் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தார். எல்லாம் வந்து சேர்ந்த 2012-ல்தான் கரண்ட் வரவில்லை! மணிக்கணக்கில் பவர் கட். கிரைண்டர் மேல் துணி மடித்து வைத்திருந்தோம். கடைசியில் 2016 மே 23, மறுபடி முதல்வரானதும் ஜெயலலிதா போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆண்டுக்கு 1,607 கோடி ரூபாய் செலவு என்று அப்போது சொன்னார்கள்.

எல்லா வீடுகளுக்கும்! ஐந்து ஏ.சி. வைத்திருக்கிற பங்களாவுக்கும் நூறு, அக்காவுக்கும் நூறு. இது என்ன நியாயம் என்று டீக்கடையில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. வருமானச் சான்றிதழ் வேண்டாம். வி.ஏ.ஓ.வைத் தேடி அலைய வேண்டாம். 'நான் ஏழை' என்று யாரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பிரிட்டனில் வயதானவர்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடு பண்ணிக்கொள்ள 1997-லிருந்து பணம் கொடுக்கிறார்கள். ரொம்ப நாள் ஏழை பணக்காரன் பார்க்காமல்தான் கொடுத்தார்கள். 2024-ல் புது அரசு வந்து, இனிமேல் இன்ன உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றது. கிழவர்களும் கிழவிகளும் கிளப்பிய சூட்டில் 2025-ல் அரசு பாதி தூரம் திரும்பி வந்தது. அங்கே குளிருக்கு, இங்கே வியர்வைக்கு. யார் ஏழை என்று சலிக்க ஆரம்பித்தால் சல்லடையில் முதலில் கீழே விழுவது ஏழைதான்.

ஆனால் எங்கள் நூறு யூனிட்டில் வேறு ஒரு கோளாறு. அது ஆளுக்கு வருவதில்லை. மீட்டருக்கு வருகிறது. அதே 2016 மே முதல் தேதி மத்திய அரசு உஜ்வாலா காஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இணைப்பு வீட்டுப் பொம்பளை பெயரில். சிலிண்டர் மானியம் அவள் பாங்க் கணக்கில். வீடு மாறினாலும் கூடவே வரும். கரண்ட் மானியத்துக்கு அப்படிப் பெயர் கிடையாது, நம்பர்தான். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும். குடியிருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது.

இதை முதலில் கவனித்தது டெல்லி. 2019 ஆகஸ்டில் அங்கே மாதம் 200 யூனிட் வரை இலவசம் ஆக்கினார்கள். வாடகைக்காரர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அடுத்த மாதமே, வாடகைக்குக் குடியிருப்பவர் தன் பெயரில் பிரீபெய்டு மீட்டர் வைத்துக்கொள்ளலாம், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும், ஓனர் கையெழுத்து வேண்டாம் என்று அறிவித்தார்கள். கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் 200 யூனிட் திட்டம் வந்தபோதும் வாடகைக்காரர்களுக்கும் உண்டு என்றார்கள். டெல்லி விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஓனர் கையெழுத்து வேண்டாமா? பொறவு எதுக்குலே ஓனரு?" என்றார்.

அப்பாவுக்கு இரண்டு பயம். ஒன்று, குடியிருப்பவருக்குத் தனி மீட்டர் வைத்துக் கொடுத்தால் வீடே கைமாறிவிடும் என்பது. இது தென்காசி மட்டுமல்ல, எல்லா ஊர் ஓனர்களுக்கும் பொதுவான பரம்பரை வியாதி. இன்னொன்று ஆதார். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். விவசாயம், குடிசை, விசைத்தறி எல்லாம் சேர்த்து 2 கோடியே 67 லட்சம் இணைப்பு. 2023 பிப்ரவரி கடைசி வரை தவணை நீண்டது. ஒரே பெயரில் இரண்டு மீட்டர் இருந்தால் ஒன்றுக்கு நூறு யூனிட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அப்படியெல்லாம் இல்லை என்று மந்திரியே சொன்னார். மந்திரி சொன்னால் அப்பா நம்ப மாட்டார். பார்பர் ஷாப்பில் சொன்னால் நம்புவார்.

ஆக, ஏப்ரல் வாதத்தில் நான் தோற்றேன். அறுபத்தைந்து ரூபாய் நஷ்டத்தைப் பெருந்தன்மையாகத் தாங்கிக்கொண்டிருக்கிற தியாகி முன்னால் என்ன பேச முடியும்?

அப்புறம் காற்று மாறியது.

எங்கள் பக்கம் ஜூன் கடைசியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும் பாருங்கள், கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளெல்லாம் பேய் பிடித்த மாதிரி சுற்றும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காற்று கரண்ட்டாக மாறி ஊருக்கெல்லாம் ஓடுகிற நாளில் எங்களுக்குக் கரண்ட்டே வேண்டாம். ஃபேன் கிடையாது. ராத்திரி போர்வை. குற்றாலத்தில் சீஸன் கூட்டம் துண்டும் எண்ணெயுமாகத் திரியும். அப்பா மீட்டர் பெட்டிப் பக்கமே போக மாட்டார்.

ஆகஸ்ட் ரீடிங்கில் மொத்தம் 410 யூனிட். எங்களுடையது 340, அக்கா 70. பில் 1,185 ரூபாய். அக்கா 560 ரூபாய் கொடுத்தார். இந்த முறையும் நான்தான் வாங்கினேன். கை சும்மா இருக்குமா? அக்கா இல்லாவிட்டால் எங்கள் பில் 855. அவரால் கூடியது 330. அவர் கொடுத்தது 560. அப்பாவுக்கு 230 ரூபாய் லாபம்!

கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேசினால் அவர் ஜெயித்துவிடுவார்.

அன்றைக்கு முழுக்க மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் திண்ணையில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பு போய்விட்டாள். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் எவ்வளவு என்று கேட்டார். நான்கு மாதம் கழித்து! அவள் சொன்னாள். நல்ல மார்க்தான். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "லைட்டு போதுமாட்டி?" என்று கேட்டார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தனி மீட்டருக்கு என்னென்ன வேணுமோ எழுதிப் போடு. எம்பேருலேயே போடு. வீடு நம்ம வீடு."

இனி வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்துக்குத் தனி வாசல், தனிச் சமையலறை இருந்ததால் பிழைத்தோம். முன்பக்கத்து வயரும் பின்பக்கத்து வயரும் எங்கும் தொட்டுக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தினார், அம்மா எலக்ட்ரீஷியனைக் கொத்தினார். வீட்டுத் தீர்வை ரசீது, ஆதார், போட்டோ. டெபாசிட், மீட்டருக்கு, இதற்கு, அதற்கு என்று சில ஆயிரம் ஆயிற்று. பாதியை நான் தருகிறேன் என்று அக்கா சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்தார். அப்பா, "சுவருல இருக்கப்போறது எம்மீட்டரு, நீ எதுக்குக் குடுக்க?" என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். அன்பாகப் பேசுவது எப்படி என்று வாத்தியார்களுக்கு டிரெயினிங்கில் சொல்லிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

அக்காவுக்கும் பயம் இருந்தது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கரண்ட்டு பில்லு கொறைஞ்சா சார் வாடகையைக் கூட்டிருவாகளா?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. அரசாங்கம் முன்வாசலில் கொடுப்பதை ஓனர் பின்வாசலில் வாங்கிக்கொள்ளலாம். யாரும் கேட்க முடியாது. நான் அப்பாவைக் கேட்டேன். முறைத்தார். முறைப்பை 'இல்லை' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

புது மீட்டர் வந்தது. முதல் ரீடிங், 2024 பிப்ரவரியில். 71 யூனிட். அன்றைக்கு அக்கா ஈ.பி. அட்டையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார். விரலில் இலை வெட்டிய கறை.

"தம்பி, இதுல சைபர் போட்டிருக்கு."

"ஆமாக்கா. அவ்வளவுதான். ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"தப்பாப் போட்டுட்டாகளோ? பொறவு வந்து கேப்பாகளோ?"

"கேக்க மாட்டாங்க."

நம்பவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து அன்றைக்குத்தான் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, எப்படி நம்புவார்! அப்பாவிடமும் காட்டினார். அப்பா அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, சைபரை ரொம்ப நேரம் பார்த்தார். சரித்திரத்தில் அப்படி ஒரு பில்லை அவர் பார்த்ததில்லை.

அக்கா போனதும் என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"ஏலே, மாடிக்கு ஒரு மீட்டர் போட்டா என்ன?"

"மாடியில யாருப்பா குடியிருக்கா?"

"நீதான். ராத்திரியெல்லாம் லைட்டப் போட்டுக்கிட்டு எழுதிக்கிட்டிருக்கியே!"